பனியை எங்கே போடுவது? ஜப்பான் ரயில் பாதைகளில் ஏழு நாள்

நாள் 1: எச்சிகோ-யுசாவா

டோக்கியோவில் நல்ல வெயில். ஷின்கான்சென் அதிவேக ரயில் ஏறி ஒன்றேகால் மணி நேரத்தில் எச்சிகோ-யுசாவா. இங்கே வீட்டுக் கூரைகளில் ஆள் உயரத்துக்குப் பனி கிடக்கிறது. நடுவில் இருப்பது ஒரு மலைத்தொடரும் அதைக் குடைந்து போகும் 22 கிலோமீட்டர் நீள தாய்ஷிமிசு சுரங்கமும்தான். சைபீரியாவிலிருந்து கிளம்பும் குளிர்காற்று ஜப்பான் கடலைத் தாண்டும்போது ஈரத்தை அள்ளிக்கொள்கிறது. மலையில் முட்டியதும் மேற்குப் பக்கத்திலேயே அதைக் கொட்டித் தீர்த்துவிடுகிறது. டோக்கியோவுக்கு வறண்ட காற்று மட்டும் போய்ச் சேர்கிறது.

ஒரு சொல்லை முதலிலேயே தெளிவாக்கிவிடலாம். மார்கழிக் காலையில் புல் நுனியில் நிற்பதையும் நாம் பனி என்றுதான் சொல்கிறோம். இந்தத் தொடரில் பனி என்றால் வானத்திலிருந்து விழுந்து தரையில் தங்கும் வெண்பனி.

அது எவ்வளவு கனம்? ஒரு தடத்துக்கு 3 மீட்டர் அகலம், 50 சென்டிமீட்டர் ஆழம் என்று வைத்துக்கொண்டால் ஒரு கிலோமீட்டர் நீளத்தில் 1,500 கன மீட்டர் பனி. புதிதாக விழுந்த உலர் பனி கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோ இருக்கும். ஈரப் பனி படிந்து இறுகினால் 300 கிலோவைத் தாண்டிவிடும். ஆக அதே ஒரு கிலோமீட்டரில் 75 டன்னும் கிடக்கலாம், 450 டன்னும் கிடக்கலாம். பாதையை விட்டு எடுத்துவிட்டாலும் அது மறைந்துவிடாது, எங்காவது கிடந்தே ஆக வேண்டும். பனி அகற்றும் கருவிகள் ஊருக்கு ஊர் மாறுவது இதனால்தான். பனியை எங்கே போடுவது என்பதற்கு ஒவ்வொரு ஊரும் வேறு விடை வைத்திருக்கிறது.

யுசாவாவின் விடை, எங்கேயும் போட வேண்டாம், விழ விழக் கரைத்துவிடு. 1982 நவம்பர் 15 அன்று ஜோயெட்சு ஷின்கான்சென் ஓடத் தொடங்கியபோதே இந்த ஏற்பாடும் வந்துவிட்டது. நிலையத்தை விட்டு ரயில் வெளியே வந்ததும் ஜன்னலோரம் கவனியுங்கள். தடத்தின் ஓரத்தில் வரிசையாகத் தெளிப்பான்கள், வயலுக்கு நீர் தெளிப்பது போலவே தண்டவாளத்தின் மேல் வளைத்து வளைத்து அடிக்கின்றன. பாதையோரமாக இடைவெளி விட்டு நிற்கும் பெரிய கட்டடங்கள் கொதிகலன் நிலையங்கள். நீரைச் சூடாக்கிக் குழாயில் அனுப்பி, தெளித்து, கரைந்த பனியோடு சேர்ந்து ஓடும் நீரை மேம்பாலத்தின் ஓர வாய்க்காலில் பிடித்து, நிலையத்துக்கே திருப்பிக் கொண்டுவந்து மறுபடியும் சூடாக்குகிறார்கள். பனி விழத் தொடங்கியதை உணர்விகள் கண்டுகொண்டு தாமாகவே நீரைத் திறந்துவிடும்.

நிலத்தடி நீரை உறிஞ்சித் தெளித்தால் சுலபம்தானே என்று தோன்றும். சாலைகளில் அதைத்தான் செய்கிறார்கள். இந்த நீகாட்டா மாவட்டத்து நகாவோகாவில் 1960களின் தொடக்கத்தில் பிறந்த முறை அது. சாலை நடுவே பதித்த குழாயின் துளைகளிலிருந்து 13, 14 டிகிரி வெப்பமுள்ள நிலத்தடி நீர் பீச்சிக்கொண்டே இருக்கும். யுசாவா தெருக்கள் செங்காவி ஏறிக் கிடப்பது அந்த நீரில் உள்ள இரும்புச் சத்தால். ஆனால் அளவில்லாமல் இறைத்தால் நிலமே கீழே இறங்குகிறது, இந்தப் பகுதி அதை அனுபவத்தில் கண்டது. அதனால் ரயிலுக்கு நீர் சுழற்சியில் ஓடுகிறது.

இந்த முறைக்கு இரண்டு நிபந்தனைகள். குளிர் பூஜ்ஜியத்தை ஒட்டியே இருக்க வேண்டும். மைனஸ் 15-இல் நீர் தெளித்தால் பாதை முழுக்கப் பனிக்கட்டியாகிவிடும். அடியில் இருப்பதும் கான்கிரீட்டாக இருக்க வேண்டும். 1964-இல் திறந்த தோக்காய்டோ ஷின்கான்செனில் இந்த இரண்டாவதுதான் சிக்கல். செகிகஹாராவில் மண் கரை, ஜல்லிப் படுகை. நிறைய ஊற்றினால் கரை இளகும். எனவே அங்கே கரைக்கும் அளவுக்குத் தெளிப்பதில்லை, பனித்தூள் எழும்பாமல் நனைப்பதற்கு மட்டும் தெளிக்கிறார்கள். ஏன் எழும்பக் கூடாது என்றால், எழும்பிய தூள் பெட்டியின் அடியில் ஒட்டி இறுகிக் கட்டியாகிறது. வெப்பமான பகுதிக்கு வந்ததும் கட்டி கழன்று ஜல்லியில் அடிக்கிறது, தெறித்த ஜல்லி பெட்டியின் அடிக் கருவிகளையும் ஜன்னலையும் பதம் பார்க்கிறது. குளிர்கால நாள்களில் அந்த ரயில்கள் செகிகஹாராவில் மெதுவாகப் போவது இதற்காகத்தான்.

நாள் 2: மோரினோமியானோஹாரா

யுசாவாவிலிருந்து ஹொக்குஹொக்கு பாதையில் தோக்காமாச்சி, அங்கே இறங்கி ஈயாமா பாதை. ரயில்கள் குறைவு. ஒன்றைத் தவறவிட்டால் அரை நாள் போய்விடும், நேர அட்டவணையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மோரினோமியானோஹாரா நிலையத்தில் ஒரு கம்பம் நிற்கிறது. 1945 பிப்ரவரி 12 அன்று இங்கே பனி 7.85 மீட்டர் ஆழம் இருந்தது என்று அந்தக் கம்பத்தின் உயரமே சொல்கிறது. ஜப்பான் ரயில் நிலையங்களில் பதிவான உச்சம் இது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் இரண்டு மாடி வீடு முழுசாக உள்ளே அடங்கிவிடும் என்பது புரியும்.

இங்கே விழுவது ஈரப் பனி. கையில் எடுத்து அழுத்தினால் விரல் தடம் அப்படியே பதிகிறது, நீர் கசிகிறது. இந்தப் பனி பறக்காது, ஒட்டும். ரயிலின் முன்பக்கத் தகடு அதைத் தள்ளிக்கொண்டே போகும்போது ஓரத்துக்கு விலகாமல் முன்னாலேயே திரளத் தொடங்கினால் ஆபத்து. திரண்ட குவியல் தள்ளத் தள்ள இறுகுகிறது. ஒரு கட்டத்தில் அதைத் தள்ளத் தேவையான விசை, சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையிலான பிடிமானத்தைத் தாண்டிவிடும். மோட்டாரில் வலு இருந்தாலும் சக்கரம் வழுக்கிச் சுற்றும். பின்னால் வரலாமா என்றால் அதற்குள் பின்பக்கமும் பனி விழுந்து மூடியிருக்கும். 2018 ஜனவரி 11 மாலை நீகாட்டா சமவெளியில், சான்ஜோ ஊரருகே நான்கு பெட்டி ரயில் ஒன்று இப்படித்தான் நின்றது. சுமார் 430 பயணிகள் ஏறத்தாழ 15 மணி நேரம் உள்ளேயே இருந்தார்கள். இருட்டிலும் ஆழப் பனியிலும் இறக்கிவிடுவது அதைவிட ஆபத்து.

கிளைப் பாதைகளில் இப்போது பெரும்பாலும் பனி அகற்றுவது என்ஜின் அல்ல, மோட்டார் கார் என்று அழைக்கப்படும் பராமரிப்பு வண்டி. பார்க்க என்ஜின் போலவே இருந்தாலும் சட்டப்படி அது ரயில் இல்லை, இயந்திரம். அதனால் அதை ஓட்ட ரயில் ஓட்டுநர் உரிமம் தேவையில்லை, பராமரிப்பு ஊழியரே ஓட்டலாம். ஆனால் அது வேலை செய்யும்போது அந்தப் பகுதியை மூடிவிட்டு வேறு ரயில் எதையும் விடக் கூடாது. இரவில் ரயில் ஓடாத கிளைப் பாதைக்கு இது மலிவான, நல்ல ஏற்பாடு. பகலில் விடாமல் கொட்டினால்தான் தொல்லை. பாதையைத் திறந்து வைத்தால் வண்டி போக முடியாது, மூடினால் ரயில் போக முடியாது.

கருவி எட்டாத இடத்தில் ஆள்தான். பிளாட்பார ஓரம், தடம் மாற்றும் பாயின்ட், சிக்னல் அடி. இங்கே எல்லார் கையிலும் ஒரே சாதனம்: முறம் போல அகன்ற வாய், இரண்டு கையால் பிடிக்கும் வளைந்த பிடி. 'மாமாசான் டம்ப்' என்று பெயர். வீட்டுப் பெண்களும் தள்ளக்கூடியது என்ற பொருளில் வந்த பெயர் அது. வேலை முறை முக்கியம். ஈரப் பனியை மண்வெட்டியால் அள்ளித் தூக்கினால் பத்து நிமிடத்தில் இடுப்பு போய்விடும். முதலில் சதுரமாக வெட்டுக் கொடுத்து, கட்டியாகப் பிரித்து, முறத்தில் ஏற்றி, தூக்காமல் சறுக்கியே கொண்டுபோக வேண்டும். கொண்டுபோய்ப் போடுவதற்கும் ஏற்பாடு உண்டு. தெருவோரம் மூடி போட்ட கால்வாயில் வேகமாக நீர் ஓடும், மூடியைத் திறந்து உள்ளே தள்ளிவிடலாம். ஊரே ஒரே நேரத்தில் தள்ளினால் அடைத்துக்கொண்டு தெருவில் வழியும் என்பதால் பகுதிக்கு ஒரு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

பாதையில் இறங்கும் குழுவில் ஒருவர் மண்வெட்டியைத் தொடவே மாட்டார். ரயில் வருகிறதா என்று பார்ப்பது மட்டுமே அவர் வேலை. பனி ஒலியை விழுங்கிவிடும். பக்கத்தில் வரும் ரயிலின் சத்தம்கூடக் கேட்காது, எனவே கண்ணை மட்டும்தான் நம்பலாம். கேங்மேன்கள் இருக்கும் எந்த நாட்டிலும் இந்த ஆளைக் குறைத்து வேலை வாங்கக் கூடாது.

பக்கத்து நீகாட்டா மாவட்டத்துக் கடற்கரையில்தான், 1922 பிப்ரவரி 3 அன்று, ஓயாஷிராசு அருகே பனி அள்ளப் போன தொழிலாளர்கள் ஏறி வந்த ரயில்மேல் பனிச்சரிவு விழுந்தது. 90 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மண்வெட்டியோடு வந்த உள்ளூர்க்காரர்கள்.

நாள் 3: நோஹெஜி, ஹிரோசாக்கி

வடக்கே அவோமோரி மாவட்டம். காலையில் நோஹெஜி நிலையம். பிளாட்பாரத்துக்கு எதிரே உயர்ந்த மரங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. பார்க்கச் சாதாரணத் தோப்பு. ஆனால் இது 1893-இல் நட்டது, ஜப்பானின் முதல் ரயில்வே பனித்தடுப்புக் காடு. வனவியல் அறிஞர் ஹோண்டா செய்ரோக்கு, கனடிய பசிபிக் ரயில் பாதையோரம் இப்படி மரங்களைப் பார்த்துவிட்டு வந்து யோசனை சொன்னவர்.

அவோமோரியில் பனி விழுவதைவிட நகர்வது பெரிய தொல்லை. கீழே கிடக்கும் உலர்ந்த பனியைக் காற்று கிளப்பி, தரையோடு தரையாக ஓட்டிக்கொண்டு வருகிறது. காற்றின் வேகம் எங்கே குறைகிறதோ அங்கே பனி இறங்கும். மேட்டை வெட்டிப் போட்ட பாதைப் பள்ளம் அதற்கு வாகான இடம். ஒரே இரவில் பள்ளம் நிரம்பித் தரைமட்டமாகிவிடும். காடு செய்வது, அந்த வேகக் குறைவை பாதைக்கு முன்னாலேயே உண்டாக்குவது. மரங்களுக்கு நடுவே பனி இறங்கிவிடும், பாதைக்கு வருவது மிச்சம்தான். மரம் வளரும்வரை பலகைத் தடுப்பு வைப்பார்கள். அதைப் பாதையை ஒட்டி வைத்தால் எல்லாம் கெட்டுவிடும்; தடுப்பின் பின்புறம் குவியும் பனி நேராகத் தண்டவாளத்தின்மேலேயே விழும்.

பிற்பகல் ஹிரோசாக்கி. கோனான் ரயில்வே என்ற சிறிய நிறுவனம் இங்கிருந்து குரோயிஷிக்கு 16.8 கிலோமீட்டர் ஓட்டுகிறது. பனி அகற்ற அவர்களிடம் இருப்பது தேசிய ரயில்வேயிலிருந்து வாங்கிய 'கி 104' என்ற பழைய ரஸ்ஸல் வண்டியும், அதைத் தள்ளும் 1920களின் அமெரிக்க மின்சார என்ஜினும். ரஸ்ஸல் என்பது அமெரிக்க நிறுவனத்தின் பெயர், ஜப்பானியர்கள் அதையே வண்டியின் பெயராக்கிக்கொண்டார்கள். கால அட்டவணை இல்லை. பனி சேர்ந்தால் முதல் ரயிலுக்கு முன் அல்லது கடைசி ரயிலுக்குப் பின் போகும். பார்க்க முடிந்தால் அதிர்ஷ்டம், நின்றிருக்கும்போது பார்ப்பதே போதும்.

வண்டிக்குச் சொந்த என்ஜின் கிடையாது. முன்னால் ஆப்பு வடிவ முகம், அது பனியைக் கீழிருந்து கிளப்பி இரண்டாகப் பிரிக்கும். இரு பக்கமும் கதவு போல விரியும் இறக்கைகள், பிரிந்த பனியை இன்னும் வெளியே ஒதுக்கும். அடியில், வெளியே தெரியாமல், ஃபிளாஞ்சர் என்ற தகடு. அதன் வேலை இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையில், தண்டவாளத்தின் மேல்மட்டத்துக்கும் கீழே இறங்கிப் பனியைச் சுரண்டுவது. ரயில் சக்கரத்தின் உள்விளிம்பு ஓடுவது அந்தப் பள்ளத்தில்தான். அங்கே பனிக்கட்டி இறுகினால் சக்கரம் ஏறிவிடும். இறக்கையும் தகடும் இயங்குவது அழுத்தக் காற்றில்.

இவ்வளவு சாதாரண அமைப்பில் கடினம் எங்கே என்றால், தகட்டை எப்போது தூக்குவது என்பதில். லெவல் கிராசிங்கில் தண்டவாளங்களுக்கு நடுவே பலகை இருக்கும். பாலத்தில் காவல் தண்டவாளம் இருக்கும். நிலையத்தில் பாயின்ட். இறங்கிய தகடு இவற்றில் மோதினால் வண்டி தடம் புரளும். பிளாட்பாரத்தில் இறக்கை விரிந்திருந்தால் அதுவும் போயிற்று. பனிக்கு அடியில் இவை எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அதனால் பாதையோரம் உயரமான கம்பத்தில் கறுப்புப் புள்ளி இட்ட மஞ்சள் பலகைகள். வடக்கு ஜப்பானில் ரயில் ஜன்னலில் அடிக்கடி கண்ணில் படுவது இவைதான்: 'மடக்கு, தூக்கு' என்று பனி வண்டிக்கு மட்டும் சொல்லும் அறிவிப்பு.

நாள் 4: ஷின்-ஹகோதாதே-ஹொக்குத்தோ

ஷின்-அவோமோரியிலிருந்து ஷின்கான்சென், 53.85 கிலோமீட்டர் செய்கான் கடலடிச் சுரங்கம், பிறகு ஹொக்காய்டோ. 2016 மார்ச் 26 திறந்த பாதை என்பதால், முந்தைய ஷின்கான்சென்கள் பட்ட பாடுகளுக்கெல்லாம் இங்கே ஒரு பதில் இருக்கிறது. மேம்பாலத்தின் அடித்தளம் சில இடங்களில் திறந்தே இருக்கிறது, ரயில் ஒதுக்கும் பனி நேராகக் கீழே விழும். மற்ற இடங்களில் தடத்தை உயர்த்திக் கட்டி, ஓரத்தில் பனி சேர்த்துவைக்கப் பள்ளம் விட்டிருக்கிறார்கள். இங்கே நீர் தெளிக்க முடியாது, அவ்வளவு குளிர்.

பாயின்ட்தான் எல்லாப் பனி ரயில்வேக்கும் வலிக்கும் இடம். நகரும் நாக்குத் தண்டவாளம், நிலையான தண்டவாளத்தோடு போய் ஒட்ட வேண்டும். ஒட்டியது உறுதியானால்தான் பூட்டு விழும், பூட்டு விழுந்தால்தான் சிக்னல் பச்சையாகும். நடுவில் ஒரு சின்னப் பனிக்கட்டி மாட்டினால் போதும், சிக்னல் சிவப்பிலேயே நிற்கும். மேலே விழும் பனியை மின்சூடேற்றி கரைத்துவிடும். அதைவிடப் பெரிய எதிரி ரயிலே கொண்டுவரும் கட்டி. பெட்டியின் அடியில் ஒட்டிவந்தது பாயின்ட்டின் மேல் போகும்போது அதிர்ச்சியில் கழன்று விழுந்தால், அவ்வளவு பெரிய கட்டியைச் சூடேற்றி உடனே கரைக்க முடியாது. அதற்காக இந்தப் பாதையில் அழுத்தக் காற்றைப் பீய்ச்சும் குழல்கள். நாக்குத் தண்டவாளத்தின் இடைவெளியை நோக்கி வைத்திருக்கிறார்கள், கட்டி விழுந்ததும் காற்று அதை ஊதித் தள்ளிவிடும்.

சுமார் 82 கிலோமீட்டர் தூரம் ஷின்கான்செனும் சரக்கு ரயிலும் ஒரே பாதையில் ஓடுகின்றன. ஒன்றுக்கு 1,435 மில்லிமீட்டர் அகலம், மற்றதற்கு 1,067. எனவே மூன்று தண்டவாளம். அருகருகே நிற்கும் இரண்டுக்கும் நடுவில் ஒரு குறுகிய தொட்டி போன்ற இடம் உண்டாகிறது. பனி அதில் புகுந்தால் ஒதுங்க வழியில்லை, ரயில் போகப் போக அடித்து இறுக்கிக்கொண்டே போகும். ஃபிளாஞ்சரின் தகடும் இதற்கென்று தனி வடிவில் வேண்டும்.

நாள் 5: சப்போரோ

பெருநகரத்தில் ஒதுக்க இடமே இல்லை. சப்போரோ நிலையம் மேம்பாலத்தின்மேல் இருக்கிறது. இரு பக்கமும் பனியைத் தள்ளினால் அது தெருவில் நடப்பவர் தலையில் விழும். 2022 பிப்ரவரி 6 அன்று இங்கே 24 மணி நேரத்தில் 60 சென்டிமீட்டர் விழுந்தது. சப்போரோ வட்டாரத்து ரயில்கள் பல நாள் நின்றுபோயின. பனி அகற்றும் வண்டி இருந்தும் பயனில்லை. நிலையத்தின் பாயின்ட்களை ஆள்கள் கையால் தோண்டினார்கள், தோண்டிய பனியை வெளியே கொண்டுபோக வழி வேண்டும், நின்றுபோன ரயில்கள் தடங்களை அடைத்துக்கொண்டிருந்தன. யார்டில் எடுப்பதும் ஏற்றுவதும் வெளியேற்றுவதும் சங்கிலி போல நடக்க வேண்டும், ஒரு கண்ணி நின்றால் எல்லாம் நிற்கும்.

பாயின்ட்டின் அடியில் குழி வெட்டி, விழும் பனி அதற்குள் போய்ச் சூட்டில் கரையும்படி செய்வது ஹொக்காய்டோவின் வழி. நல்ல வழிதான், ஆனால் செலவு அதிகம், எல்லாப் பாயின்ட்டிலும் வைக்க முடியாது.

நாள் 6: நயோரோ

அசாஹிகாவா வழியாக நயோரோ. அசாஹிகாவாவில் 1902 ஜனவரி 25 அன்று மைனஸ் 41 டிகிரி பதிவானது. இன்று காலை மைனஸ் 18. மிதித்தால் பனி நறநற என்கிறது. கையில் பிடித்தால் உருண்டை பிடிக்க வராது, கோலமாவு மாதிரி விரலிடுக்கில் சரிகிறது. மோரினோமியானோஹாராவில் பார்த்ததும் இதுவும் ஒரே பொருள் என்று நம்பவே கஷ்டம்.

அசாஹிகாவாவிலிருந்து வக்கனாய் வரை 259.4 கிலோமீட்டர், சோயா பாதை. பனிக்காலத்தில் இங்கே ரஸ்ஸல், பனி விழுகிறதோ இல்லையோ, ரயில் எண்ணோடும் நேரத்தோடும் ஓடுகிறது. பகலிலேயே பார்க்கலாம். நின்று பார்க்க நயோரோவுக்கும் ஒத்தோயினெப்புவுக்கும் இடையிலான பகுதி ஏற்றது. ஒன்று மட்டும்: பாதையிலிருந்து நன்றாகத் தள்ளி நில்லுங்கள். தூளாகத்தான் பறக்கும் என்று நினைக்க வேண்டாம், பழைய பனியின் கட்டியும் ஜல்லியும் சேர்ந்தே வரும்.

ஓடுவது டிஇ15. 1967 முதல் 1981 வரை கட்டிய டீசல் என்ஜின். அதற்கு முந்தைய டிடி15-இல் கலப்பை முகத்தை என்ஜின் உடலிலேயே மாட்டினார்கள். அந்த எடையும் சக்கரத்தின்மேல் ஏறியதால் அச்சு ஒன்றுக்கான பளு கூடி, தண்டவாளம் மெலிந்த கிளைப் பாதைகளுக்குள் போக முடியாமல் போனது. டிஇ15-இல் முகத்துக்குத் தனியாகச் சக்கரம் கொடுத்து, என்ஜினோடு கோத்தார்கள். எடை பிரிந்தது, கிளைப் பாதை திறந்தது. பனிக்காலம் முடிந்ததும் முகத்தைக் கழற்றி வைத்துவிட்டு என்ஜினை ஷன்டிங் வேலைக்கு அனுப்பலாம். பிறகு இரு முனையிலும் முகம் வைத்தார்கள். பழைய கி வகை வண்டி ஒரு திசைக்கு மட்டும்தான் உதவும், கடைசி நிலையத்தில் திருப்பு மேடையில் ஏற்றித் திருப்பியாக வேண்டும். இரட்டை முகம் வந்ததும் ஓட்டுநர் இடம் மாறினால் போதும் என்றானது. இன்னொரு வேறுபாடு: ஒற்றைத் தடத்துக்கான முகம் பனியை இரு பக்கமும் ஒதுக்கும், இரட்டைத் தடத்துக்கானது இடப்பக்கம் மட்டும். வலப்பக்கம் தள்ளினால் எதிர்த் தடம் மூடிவிடும்.

முகத்தின் கண்ணாடியில் வட்டமாக ஒரு பகுதி வேகமாகச் சுழன்றுகொண்டே இருக்கும். பனித்தூள் அதில் தங்காமல் சிதறிவிடும், அந்த வட்டத்தின் வழியேதான் மஞ்சள் பலகையைப் பார்த்து இறக்கையை மடக்குகிறார்கள். மெதுவாகப் போனால் பனி தூரம் போகாமல் பக்கத்திலேயே விழுந்து சரிந்து திரும்பி வரும். இங்கே வேகமும் ஒரு கருவிதான்.

ரஸ்ஸல் எடுப்பதில்லை, ஒதுக்குகிறது. டிசம்பரில் ஒதுக்கியது பாதையோரம் வரப்பாகிறது. ஜனவரியில் அதன்மேல் இன்னும். பிப்ரவரியில் இரு பக்கமும் சுவர், இறக்கை விரிக்கவே இடமில்லை. இப்போது பனியைத் தள்ளினால் சுவரில் மோதித் தடத்துக்கே திரும்பும். அந்தச் சுவரை அகற்ற ஜப்பானியர்கள் கண்ட வழி நயோரோவில் நிற்கிறது: கிமாரோக்கி.

பழைய நயோரோ பாதையின் தடத்துண்டில், ஊர் அருங்காட்சியகத்தின் அருகே, முழுத் தொடரும் அப்படியே இருக்கிறது. முன்னால் 59601 என்ற நீராவி என்ஜின். அடுத்து கி 911, மெக்லே வண்டி. மூன்றாவது கி 604, ரோட்டரி. அதைத் தள்ள டி51 398 என்ஜின். கடைசியில் காவலர் பெட்டி. கிகான்ஷா என்றால் என்ஜின், மெக்லேயை ஜப்பானியர்கள் சொல்வது மாக்குரே; கி, மா, ரோ, கி என்று முதலெழுத்துகளைச் சேர்த்த பெயர். முன் என்ஜின் மெக்லேயை இழுத்துக்கொண்டு போகும். மெக்லேயின் இறக்கைகள் ரஸ்ஸலுக்கு நேர் எதிர். வெளியே விரிந்து, பின்பக்கம் குறுகி, இரு சுவர்களையும் சுரண்டித் தடத்தின் நடுவே இழுத்துப் போடும். சுத்தமாக இருந்த பாதையில் வேண்டுமென்றே பனியைக் குவிக்கிறார்கள். பின்னால் வரும் ரோட்டரி அந்தக் குவியலைச் சுழலும் அலகுகளால் வாரி, குழல் வழியே வயலுக்குள் தூர வீசும். ரோட்டரிக்கு வீசும் வலு உண்டு, பக்கத்துச் சுவரை எட்டும் கை இல்லை. மெக்லேக்குக் கை உண்டு, வீசத் தெரியாது. இரண்டும் சேர்ந்தால் அடுத்த மழைக்கு வாய்க்கால் தூர்வாரி வைப்பது போல, அடுத்த பனிக்கு இடம் தயாராகும்.

ரோட்டரியின் கொதிகலன் அலகைச் சுழற்ற மட்டும். தள்ளுவது பின் என்ஜின். முன்னும் பின்னும் வேகம் பொருந்தாவிட்டால், மெக்லே இழுத்துப் போடும் அளவு ரோட்டரி விழுங்கும் அளவைத் தாண்டி அது திணறிவிடும். டீசல் காலத்தில் வந்த டிடி14 ரோட்டரியில் தலா 500 குதிரைத் திறனுள்ள இரண்டு என்ஜின்கள். பனி குறைவென்றால் ஒன்று ஓட்டும், ஒன்று அலகைச் சுழற்றும். பனி மிகுந்தால் இரண்டையும் அலகுக்குக் கொடுத்துவிட்டு, ஓட்ட வேறொரு என்ஜினைப் பின்னால் வைப்பார்கள்.

நேரில் முழுதாகப் பார்க்க வேண்டுமானால் மே முதல் அக்டோபருக்குள் வாருங்கள். குளிர்காலத்தில் பனியிலிருந்து காக்க மூடி வைத்துவிடுகிறார்கள்.

நாள் 7: ஒத்தோயினெப்பு முதல் வக்கனாய் வரை

ஒத்தோயினெப்புவைத் தாண்டியதும் தெஷியோ ஆறு பாதையோடு கூடவே வருகிறது. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் செங்குத்துச் சரிவு. பனி கனத்தில் மரமும் மூங்கில் புதரும் வளைந்து தடத்தின்மேல் சாய்கின்றன, ரஸ்ஸல் வரும்போதே அறுத்துத் தள்ள வேண்டியிருக்கும். பயணிகள் ரயில் ஒற்றைப் பெட்டி டீசல். குளிர்காலத்தில் இதன் பிரேக் கட்டை முழுதாக விலகுவதில்லை, ஓடும்போதும் சக்கரத்தை லேசாகத் தொட்டுக்கொண்டே வரும். விலகினால் இடைவெளியில் பனி புகுந்து, பிரேக் போடும்போது கட்டை பனியில்தான் அழுத்தும். பனிப் பிரதேசத்துக்கு வெளியே செய்த வண்டிகளை இங்கே ஓட்ட முடியாததற்கு இது ஒரு காரணம்.

பழைய டிஇ15களுக்குப் பதிலாக, தானே ஓடும் ரஸ்ஸல் டீசல் கார்கள் இப்போது வரத் தொடங்கியிருக்கின்றன. அவையும் லெவல் கிராசிங்கில் தகட்டைத் தூக்கியே ஆக வேண்டும். தூக்கிய அந்தச் சில மீட்டரை யார் சுத்தம் செய்வது? வண்டிகள் குறுக்கே போகப் போக, சக்கர விளிம்பு ஓடும் பள்ளத்தில் பனியை டயர்கள் மிதித்து இறுக்குகின்றன. பகலில் இளகி, இரவில் உறைந்து, மூன்று நாளில் கல்லாகிவிடும். கனமான சரக்கு ரயில் அதை நொறுக்கிக்கொண்டு போய்விடும். ஒற்றைப் பெட்டி ரயில் கனமில்லாதது, அதன் சக்கரம் கட்டியின் மேல் ஏறித் தடம் புரளும்.

தெற்கு வக்கனாயில் ரயில் நிற்கும்போது, அருகே ஒரு லெவல் கிராசிங்கில் இருவர். ஒருவர் கையில் கடப்பாரை. பள்ளம் நாலு விரல் அகலம், ஒரு சாண்கூட ஆழமில்லை. கடப்பாரையைச் செங்குத்தாகக் குத்தாமல் சாய்த்துக் குத்துகிறார், தண்டவாளத்திலோ பக்கத்து ரப்பர் பட்டையிலோ படக் கூடாது. கட்டி பாளமாகக் கழன்றதும் கையுறையால் எடுத்துச் சாலையோரம் வீசிவிட்டு, மிச்சத் தூளை நீளமான துடைப்பத்தால் பெருக்குகிறார். அடியில் தண்டவாளத்தின் பக்கவாட்டு இரும்பு கறுப்பாகத் தெரியும்வரை விடுவதில்லை. இன்னொருவர் பாதையைப் பார்த்தபடி நிற்கிறார், ஒரு முறைகூடக் கீழே குனியவில்லை.